கைத்தறித் துணியை வீட்டில் தைப்போருக்குச் சில யோசனைகள்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சரக்கு இருப்பைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, விற்பனை அறையின் அடித்தட்டில் தைத்த சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். துணி அடுக்கும் தட்டில் சட்டைக்கு என்ன வேலை என்று செயலாளரை வினவினோம். துணி வாங்கிய ஒருவர் அதைத் தைத்து, ஒரே முறை உடுத்தி, ஒரே முறை வெளுத்து, உடம்பில் ஏறாமற் போனதால் சினத்துடன் திருப்பிக் கொடுத்தார் என்றும், சங்கத்தின் பெயர் கெடலாகாதென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் அவர் கூறினார். அதற்கு முந்திய ஆண்டும் இவ்வாறு சில திரும்பியிருந்தன. அவ்வாண்டின் ஆய்வறிக்கையில், "தரக்குறைவால் திரும்பியவை" என்று ஒரு வரி எழுதியவர்கள் நாமே. அந்த வரியை ஆதாரமாகக் கொண்டு, துணியை நெய்தவரின் கூலியில் ஒரு பகுதியை நிருவாகக் குழு நிறுத்தி வைத்திருந்தது.

நெசவாளரை அழைத்தோம். வயது முதிர்ந்தவர். சட்டையை வாங்கி, ஓரத்தை விரலால் நீவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இழையிலும் குறையில்லை, நெசவிலும் குறையில்லை, ஐயா. தண்ணீரில் நனைக்காமலே வெட்டியிருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது முற்றும் உண்மை. அதே பாவில் நெய்த துணி மீதம் இருந்தது. அதில் ஒரு துண்டை அளந்து, நனைத்து, உலர்த்தி, மீண்டும் அளந்து பார்த்தபோது குற்றம் தறியினுடையதன்று, கத்தரிக்கோலினுடையது என்பது ஐயமறத் தெளிவாயிற்று. கணக்கில் ஒரு வரி எழுதுவது எளிது. அந்த வரியின் பின்னே யாருடைய கூலி இருக்கிறது என்று கேட்டறிவதே கடமை. அன்று நாம் கற்ற பாடம் இது. நிறுத்திய கூலியும் பின்னர்க் கொடுக்கப்பட்டது.

கைத்தறித் துணியின் நற்பெயர் தறிக்குழியில் தொடங்கினாலும், அது முடிவது தையற்பொறியின் அடியிலேதான். நன்றாக நெய்த துணியும் தவறாகத் தைத்தால் கெட்ட துணியே ஆகிவிடும். இன்று உறுப்பினர் வீடுகள் பலவற்றில் தையற்பொறி இருக்கிறது. எனவே, கைத்தறிப் பருத்தித் துணியை வீட்டிலே தைப்போர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கே ஒழுங்காகக் கூற முற்படுகிறோம். பட்டும் சரிகையும் வேறு வகை. அவற்றிற்கு இம்முறைகள் பொருந்தா.

துணி சுருங்குவது ஏன்?

தறியில் பாவு இழைகள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த விறைப்பு இல்லையேல் ஊடை நேராக ஓடாது. கஞ்சி தோய்ந்த இழை, இழுபட்ட நிலையிலேயே உலர்ந்து நின்றுவிடுகிறது. துணியை அறுத்து எடுத்த பின்னரும் அந்த இழுவிசை முழுவதும் நீங்குவதில்லை. முதன்முறை நீர் பட்டவுடன் கஞ்சி கரைகிறது. பருத்தி இழை நீரை உறிஞ்சிப் பருக்கிறது. பருத்த இழையைச் சுற்றி வளைந்து செல்ல மற்றோர் இழைக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. இதனால் துணி தன் இயல்பான நிலைக்குச் சுருங்குகிறது. பாவே அதிகமாக இழுபட்டிருப்பதால், நீளவாக்கிலேயே சுருக்கம் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். அகலவாக்கில் குறைவாக இருக்கும்.

ஆதலின் சுருக்கம் என்பது குறையன்று, பருத்தியின் இயல்பு. அந்தச் சுருக்கம் கத்தரிப்பதற்கு முன்னரே நிகழ்ந்துவிட வேண்டும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

முதலில் நீர், பின்னர்க் கத்தரி

புதுத் துணியைத் தைப்பதற்கு முன் ஓர் இரவு முழுவதும் தெளிந்த நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் மெல்லக் கசக்கிக் கஞ்சியைப் போக்கி, முறுக்கிப் பிழியாமல் நீர் வடியவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். சற்றே ஈரம் இருக்கும்போது இஸ்திரி போட்டால் மடிப்பு நீங்கும். கஞ்சி போன துணியில் ஊசியும் எளிதாக இறங்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பதை முன்னதாகவே அறிய விரும்புவோர் ஒரு சிறு சோதனை செய்யலாம். துணியின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, 50 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை வண்ண நூலால் நூலோட்டிக் குறித்துக் கொள்ளுங்கள். சாக்குக்கட்டியால் குறித்தால் நீரில் அழிந்துவிடும். மேலே கூறியவாறு நனைத்து உலர்த்தியபின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நீளம் 47.5 செ.மீ. ஆக இருந்தால், சுருக்கம் நூற்றுக்கு 5 பங்கு என்று பொருள்.

நூற்றுக்கு ஐந்து என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். சட்டையில் வைத்துப் பாருங்கள். 75 செ.மீ. உயரத்தில் ஏறத்தாழ 4 செ.மீ. போய்விடும். நீளவாக்கில் வெட்டிய 40 செ.மீ. கழுத்துப்பட்டி 38 செ.மீ. ஆகிவிடும், பொத்தான் கழுத்தில் பூட்டாது. நாம் கண்ட சட்டையின் கதையும் இதுவே.

துணியை மட்டும் நனைத்தால் போதாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரவிக்கைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி, புடைவையின் அடியோரத்தில் தைக்கும் ஃபால்ஸ், கழுத்துப்பட்டிக்குள் வைக்கும் கெட்டித் துணி, நாடா ஆகிய அனைத்தையும் நனைத்து உலர்த்திய பிறகே தைக்க வேண்டும். புடைவை சுருங்காமல் ஃபால்ஸ் மட்டும் சுருங்கினால், கீழோரம் முழுவதும் வரிவரியாகக் கொசுவிக்கொண்டு நிற்கும். அதனைக் கண்டவர், "கைத்தறிப் புடைவை ஒரே சலவையில் சுருங்கிவிட்டது" என்பர். சுருங்கியது ஃபால்ஸ், பழி புடைவைக்கு.

சாயத்தைச் சோதித்தல்

இரு நிறத் துணிகளைச் சேர்த்துத் தைப்பதற்கு முன் சாயத்தைச் சோதித்தல் நன்று. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, வண்ணத் துணியின் உட்புறத்தில் சில முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணியை வெளிர்நிறத் துணியுடன் இணைக்கலாகாது. தனியே பல முறை அலசி, நீர் தெளிவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். உப்பு நீரில் ஊற வைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். சிலவகைச் சாயம் அன்றைய நீரில் கரைவதை உப்பு சற்றுக் குறைக்கலாம். நிலையாகப் பிடிக்கச் செய்யாது. சாயம் பிடிப்பதும் பிடியாததும் சாயத் தொட்டியிலேயே முடிவாகிவிடும் செய்திகள்.

வெளுக்கும் முறையை எடுத்துச் சொல்லாமல் விற்பதால் வரும் தொல்லைக்கு நம் நாட்டுத் துணி வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1950-களின் இறுதியில் சென்னையிலிருந்து அமெரிக்கா சென்ற கட்டம்போட்ட கைத்தறித் துணி, சலவையில் சாயம் விட்டுப் பெருங்குறை கிளப்பிற்று. பின்னர், சாயம் மெல்லக் கலந்து ஒவ்வொரு சலவையிலும் புது அழகு பெறுவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து, அதே துணியை விரும்பி வாங்கச் செய்தனர். துணி மாறவில்லை, சொல்லிக்கொடுத்த முறைதான் மாறியது.

பாவு எது, ஊடை எது?

நெசவாளர் இல்லத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினர்களுக்காகக் கூறுகிறோம். கரை இருக்கும் துணியில், கரைக்கு இணையாக ஓடுவது பாவு. கரையில்லாத துண்டாயின், இருபுறமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். குறைவாக நெகிழும் வாக்கே பெரும்பாலும் பாவு. வெளிச்சத்தில் பிடித்தால் அச்சுப்பல் விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் நீளவாக்கில் தெரியும். அதுவும் ஓர் அடையாளம்.

சட்டையின் உடல், கை, காற்சட்டையின் கால், பையின் பிடி முதலிய இழுவிசை தாங்கும் பகுதிகள் யாவும் நீளவாக்கில் பாவு வருமாறு வெட்டப்பெற வேண்டும். துணியை மிச்சப்படுத்துவதற்காகக் கோணலாக வைத்து வெட்டினால், இரண்டு சலவையில் கை முறுக்கிக்கொண்டு திரும்பும். வளைந்த கழுத்தோரத்திற்கு வைக்கும் பட்டி மட்டும் இதற்கு விலக்கு. அதனை மூலைவாக்கில், தையற்காரர் கூறும் கிராஸ் துண்டாகவே வெட்ட வேண்டும். அப்பொழுதுதான் வளைவோடு இசைந்து படியும்.

நேர்கோடு கிழிப்பதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஓரத்தில் சிறிது வெட்டி, ஓர் ஊடை இழையைப் பற்றி மெல்ல உருவுங்கள். இழை போன இடத்தில் ஒரு கோடு தோன்றும். அக்கோட்டின் மேலேயே கத்தரியைச் செலுத்துங்கள். அளவுகோலும் இவ்வளவு நேராகக் காட்டாது. அவ்வாறு வெட்டியபின் துணியை இரண்டாக மடித்தால் மூலைகள் பொருந்தவில்லையென்றால், துணி கோணியிருக்கிறது என்று அறியலாம். சற்று ஈரப்படுத்தி, குறுகிய மூலைவாக்கில் இருவர் எதிரெதிரே பிடித்து மெல்ல இழுத்தால் நேராகும்.

கட்டம்போட்ட துணியில் முன்பாதி இரண்டையும் ஒன்றாக மடித்து வெட்டுமுன், மேல்மடிப்பின் கட்டமும் கீழ்மடிப்பின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டலாகாது, கூர் மழுங்கிவிடும்.

ஊசி, நூல், தையலின் நீளம்

1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் இருநூற் பூட்டுத் தையல் இடும் பொறிக்கு உரிமை பெற்றார். அவர் பொறியில் ஊசியின் காது, கூர்முனையருகே அமைந்திருந்தது. இன்றுவரை நம் வீட்டுப் பொறிகள் அவ்வமைப்பிலேயே இயங்குகின்றன. இயந்திரங்களைப் பற்றி ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளும், 1924-இல் இது குறித்துக் கேட்டபோது, தையற்பொறிக்கு விலக்கு அளித்துப் பாராட்டினார் என்பது கதராடை உடுத்துவோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பொறி நல்லதாயினும் ஊசி பொருந்தவில்லையென்றால் தையல் நன்றாக அமையாது. 80, 100 நம்பர் நூலில் நெய்த மெல்லிய துணிக்கு 9 அல்லது 11 எண் ஊசி. 40, 60 நம்பர்த் துணிக்கு 11 அல்லது 14. 20 நம்பருக்குக் குறைந்த கெட்டித் துணிக்கும் போர்வைக்கும் 16. பல மடிப்புகள் சேரும் இடத்திற்கு 18. சில உறைகளில் 75, 90, 100, 110 என்று அச்சிட்டிருக்கும். அவை முறையே 11, 14, 16, 18 எண்களுக்கு நிகரானவை. மெல்லிய துணியில் தடித்த ஊசியை ஓட்டினால் இழை அறுந்து, தையல் நெடுகத் துளைகள் நிற்கும். ஊசி மழுங்கினால், துணியில் இறங்கும்போது 'டப், டப்' என்று ஓசை எழும். அப்பொழுதே மாற்றிவிடுக. ஓர் ஊசியின் விலை, கெட்டுப்போகும் துணியின் விலைக்கு முன் ஒன்றுமேயில்லை.

நூல் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். துணியை விட நூல் மிக வலிமையுடையதாக இருக்கலாகாது. இழுபடும் வேளையில் நூல் அறுந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் என் செய்வது? பாலியெஸ்டர் நூல் நீரில் சுருங்காது. அன்றாட உடைகளுக்கு உதவும். ஆயினும் மெல்லிய பருத்தித் துணிக்கு அதிலும் மெல்லியதையே தேர்க. பருத்தி நூலாயின், அதுவும் சுருங்கக்கூடியது என்பதை மறவற்க.

தையலின் நீளம் மெல்லிய துணிக்கு அங்குலத்திற்கு 12 முதல் 14 வரையும், நடுத்தரத் துணிக்கு 10 முதல் 12 வரையும், கெட்டித் துணிக்கு 8 முதல் 10 வரையும் இருத்தல் வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி மிகும் என்று எண்ணி அளவுக்கு மேல் நெருக்கினால், தபால்தலையின் துளை வரிசைபோல் அவ்விடமே கிழிவதற்கு வழியாகும்.

தையல் கெட்டால் காரணத்தை இவ்வாறு காண்க. கீழ்நூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மேல்நூல் மிக இறுக்கம். மேல்நூல் அடிப்புறத்தில் கண்ணி கண்ணியாகத் தொங்கினால், மேல்நூல் தளர்வு அல்லது நூல் கோத்த வழி தவறு. தையல் இடையிடையே விட்டுப்போனால், ஊசி வளைந்திருக்கிறது அல்லது தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. திருகாணியைத் தொடுமுன், நூலை முழுவதும் எடுத்து மீண்டும் கோத்துப் பாருங்கள். பல வேளைகளில் அவ்வளவிலேயே குறை தீர்ந்துவிடும்.

கைத்தறித் துணியில் பஞ்சு மிகுதியாக உதிரும். பாபின் இருக்கும் பகுதியைத் தூரிகையால் அடிக்கடி துடைக்க வேண்டும். எண்ணெய் இட வேண்டுமாயின் தையற்பொறிக்கு உரிய எண்ணெயையே இடுக. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் நாளடைவில் பிசினாகிப் பொறியை இறுக்கிவிடும். எண்ணெயிட்டபின் பழந்துணித் துண்டொன்றில் சிறிது நேரம் ஓட்டிவிட்டே நல்ல துணியை வைக்க வேண்டும்.

பிரியாத ஓரம்

கைத்தறித் துணியை வெட்டியவுடன் ஓர இழைகள் உதிரத் தொடங்கும். ஆகவே ஆலைத் துணிக்கு விடுவதை விடச் சிறிது மிகுதியாக, 1.5 செ.மீ. அளவு ஓரத்தில் விட வேண்டும். ஓவர்லாக் பொறி இல்லாத வீட்டில், ஓரத்தை உள்ளே மறைத்துத் தைப்பதே சிறந்த முறை. நல்ல புறம் வெளியே தெரியுமாறு இரு துண்டுகளையும் சேர்த்து, ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளி ஒரு தையல் இடுக. நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரித்து, துணியை உட்புறமாகத் திருப்பி, முதல் தையல் விளிம்பில் அமையுமாறு இஸ்திரி போட்டு, 1 செ.மீ. தள்ளி இரண்டாம் தையல் இடுக. வெட்டிய ஓரம் முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். தலையணை உறை, பை, பாவாடை, குழந்தை உடை ஆகியவற்றிற்கு இம்முறை மிக ஏற்றது. அக்குளும் காற்சட்டைப் பிளவும் மிகுதியாக இழுபடும் இடங்களாதலின், அங்கு அதே கோட்டில் இன்னொரு தையலும் வேண்டும்.

ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு அமர்த்திய பின்னரே அதன் குறுக்கே அடுத்த தையலை இடுக. உடை முழுவதும் தைத்தபின் ஒரே முறை தேய்ப்பதைக் காட்டிலும் இதனால் வேலைப்பாடு பன்மடங்கு திருந்தும்.

பொத்தான் தைக்கும்போது அதன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, நூல் குச்சியின் மேலாகச் செல்லுமாறு தைத்து, பின்பு குச்சியை உருவிவிட்டு, பொத்தானுக்கும் துணிக்கும் இடையே நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடிக்க வேண்டும். காஜாத் துணியின் பருமனுக்கு இடம் கிடைப்பதால் பொத்தான் இழுத்து அறாது. கையூசிக்கு நூல் 45 செ.மீ.க்கு மேல் எடுத்தால் சிக்கல் விழும். தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொண்டால் நூல் முறுக்கிக்கொள்ளாது.

மஞ்சள் பை தைக்கும் கணக்கு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை வந்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. வீட்டில் தைக்கத் தொடங்குவோர்க்கு இப்பையை விட ஏற்ற பொருள் இல்லை.

35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள பைக்கு, 38 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் உள்ள ஒரே துண்டு போதும். பிடிகளுக்கு 8 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டிகள் வேண்டும். 120 செ.மீ. அகலமுள்ள துணியில் 90 செ.மீ. எடுத்தால் இரண்டு பைகளும் அவற்றிற்குரிய நான்கு பிடிகளும் கிடைத்து, 12 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டி மிச்சமாகும். நூற்றுக்கு ஐந்து சுருக்கத்தை எதிர்பார்த்து 95 செ.மீ. வாங்கி நனைத்துக் கொள்க.

பட்டியை நான்காக மடித்து இரு ஓரமும் தைத்தால் 2 செ.மீ. அகலப் பிடி ஆகும். பெரிய துண்டை அடிப்பகுதி மடிப்பாக வருமாறு இரண்டாக மடித்து, மேலே கூறிய முறையில் இரு பக்கமும் தைக்கவும். பக்கத்திற்கு 1.5 செ.மீ. வீதம் போக, அகலம் 35 செ.மீ. நிற்கும். வாயை 1 செ.மீ. மடித்து, மீண்டும் 4 செ.மீ. மடித்துத் தைத்தால் உயரம் 40 செ.மீ. ஆகும். பிடி சேருமிடத்தில் ஒரு சதுரமும் அதனுள் குறுக்கு நெடுக்காக இரு கோடுகளும் தைக்கப்பெற வேண்டும். அரிசியும் காய்கறியும் சுமக்கும் பை அறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். மிச்சப்பட்ட பட்டியில் ஒரு துண்டை அங்கு உட்புறமாக வைத்துத் தைத்தால் இன்னும் உறுதி.

பருத்தி எடுக்க ஒரு மடிப்பை

பருத்தி பயிரிடும் உறுப்பினர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். பருத்தி எடுக்கும்போதும் கட்டி வைக்கும்போதும் பலர் உரச் சாக்குகளையே பயன்படுத்துகின்றனர். அச்சாக்குகளின் பிளாஸ்டிக் இழைகள் பிய்ந்து பஞ்சில் கலந்துவிடுகின்றன. ஆலையில் அவை மேலும் நார்நாராகப் பிளந்து நூலில் ஏறுகின்றன. பருத்திக்கு இடும் சாயத்தை அவை ஏற்பதில்லை. நெய்து சாயமிட்ட பின்னரே அவை வெளிறிய புள்ளிகளாய்த் துணியில் தோன்றும். வயலில் கலந்த ஓர் இழைக்குத் தறியில் ஒரு குடும்பம் கூலி இழக்கிறது. சணல் இழையும் தலைமயிரும் இவ்வாறே கேடு செய்வன.

இதற்கு மாற்றாக, வெள்ளைப் பருத்தித் துணியில் மடிப்பை ஒன்று தைத்துக் கொள்ளலாம். 60 செ.மீ. அகலமும் 110 செ.மீ. நீளமும் உள்ள துண்டின் பக்க ஓரங்களை அரை செ.மீ. வீதம் இருமுறை மடித்துத் தைக்கவும். மேலும் கீழும் 1 செ.மீ. மடித்து, மீண்டும் 3 செ.மீ. மடித்துத் தைக்கவும். நீளம் 102 செ.மீ. நிற்கும். கீழ்ப்பகுதியில் 42 செ.மீ.யை முன்புறமாக மேலே மடித்து, பக்கங்களில் இரட்டைத் தையல் இட்டால் பை அமையும். மேல் மடிப்பினுள் ஒன்றரை மீட்டர்ப் பருத்தி நாடாவைக் கோத்து இடுப்பில் கட்டிக் கொள்ளலாம். பையின் வாய் இடுப்பிற்கு 18 செ.மீ. கீழே இருப்பதால், இரு கைகளும் தடையின்றிப் பருத்தி எடுக்கும். தைக்கும் நூலும் வெள்ளைப் பருத்தி நூலாகவே இருக்கட்டும். நைலான் நூலும் வண்ண நூலும் வேண்டா.

கிழிசலைச் சரிசெய்தல்

புதுத் துணி வாங்குவதை மட்டுமே கூறி, பழந்துணியைக் காப்பதைக் கூறாது விடுதல் முறையன்று. சிறு கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதை விட இழை ஓட்டுவதே அழகு. தைத்தபோது மிஞ்சிய துண்டிலிருந்து உருவிய இழையே இதற்குச் சிறந்த நூல். நிறமும் பருமனும் மாறா. கிழிசலைச் சுற்றி ஒரு செ.மீ. நல்ல துணியிலிருந்து தொடங்கி, முதலில் பாவின் வாக்கில் நெருக்கமாக இழைகளை ஓட்டுக. பின்பு குறுக்கே, ஓர் இழையின் மேலும் அடுத்த இழையின் கீழுமாக ஊசியைச் செலுத்துக. திரும்பும் இடத்தில் சிறு கண்ணி விட்டால், வெளுக்கும்போது இழை சுருங்கினாலும் துணி இழுபடாது. இதுவும் நெசவே. ஊசி இங்கே நாடாவாகிறது, விரல்கள் தறியாகின்றன. ஆகவே, எந்தப் புதுத் துணியைத் தைத்தாலும் ஒரு கையகலத் துண்டை எடுத்து, அதே துணியுடன் ஒரு முறை வெளுத்துப் பெட்டியில் வைத்திருத்தல் நல்லது.

சங்கங்கள் செய்யத்தக்கது

முற்கூறிய சங்கத்தின் நிருவாகக் குழு, அச்சோதனைக்குப் பின் ஒரு தீர்மானம் செய்தது. ஒவ்வொரு பாவு முடியும்போதும் ஒரு துண்டை நனைத்து அளந்து, சுருக்கத்தைப் பதிவேட்டில் குறிப்பதென்றும், விற்கும் துணியுடன் ஒரு சிறு சீட்டைக் கொடுப்பதென்றும் முடிவாயிற்று. அச்சீட்டில் உள்ளவை நான்கே வரிகள்:

"இது கைத்தறிப் பருத்தித் துணி. தைப்பதற்கு முன் ஓர் இரவு நீரில் நனைத்து நிழலில் உலர்த்துக. சுருக்கத்திற்கென மீட்டருக்கு இத்தனை செ.மீ. கூடுதலாக வாங்குக. முதல் மூன்று சலவையும் தனியே செய்க."

இதற்கு ஆன செலவு சில தாள்களும் ஓர் எழுத்தரின் சிறிது நேரமுமே. விற்பனையாளர், "கால் மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா; நனைத்தால் சுருங்கும்" என்று சொன்னால் வாங்குவோர் ஓடிவிடுவர் என்று சிலர் அஞ்சினர். அவ்வாறு யாரும் ஓடவில்லை. உண்மையை முன்னதாகச் சொல்பவரிடம் மீண்டும் வருவதே மக்களின் இயல்பு.

1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் முதல் சிற்றூர்ச் சங்கம் வரை, நம் கூட்டுறவு அமைப்புகள் அனைத்தும் நிற்பது நம்பிக்கை என்னும் பாவின் மேலேதான். அதில் ஓர் இழை அறுந்தாலும் முடிச்சிட்டு இணைப்பது நம் அனைவரின் கடமை. பயிரிடுவோர் தூய பஞ்சைத் தரட்டும். நெசவாளர் செம்மையாக நெய்யட்டும். தைப்போர் நனைத்த பின்னர் வெட்டட்டும். ஆய்வுக்கு வரும் நாமும், குறை என்று எழுதுமுன் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டே எழுதுவோம்.